சாலையோரப் பழச்சிற்பமும் தென்சென்னையின் வேளாண் நினைவும்

நியூசிலாந்தின் தென் தீவில் குரோம்வெல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் நுழைவாயிலில், நெடுஞ்சாலையை ஒட்டி, ஆப்பிள், பேரிக்காய், ஆப்ரிகாட், நெக்டரின் என்று நான்கு பழங்கள் சேர்ந்த ஒரு சிற்பம் நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். கிளைடு அணை கட்டப்பட்டுவந்த காலத்தில் இது எழுந்தது. 1992, 1993 ஆண்டுகளில் அந்த அணையில் நீர் நிரம்பி டன்ஸ்டன் ஏரி உருவானபோது, குரோம்வெல்லின் பழைய கடைத்தெருவும், ஆற்றுப் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாகப் பேணப்பட்ட பழத்தோட்டங்கள் பலவும் நீருக்குள் போயின. ஊர் மேட்டுக்கு நகர்ந்தது. ஊரின் அடையாளமாகச் சாலையோரத்தில் எஞ்சியவை அந்தப் பழங்கள்.

ஓர் ஊரின் விளைபொருளை மனித உருவைவிடப் பல மடங்கு பெரிதாக்கிச் சாலையோரத்தில் நிறுத்தும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. அதன் முன்னோடி ஒன்று இன்னும் பழையது. ஸ்காட்லாந்தில் டன்மோர் பண்ணையில் 1761ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒரு கோடை மாளிகையின் கூரை முழுவதும் அன்னாசிப்பழ வடிவில் கல்லால் செதுக்கப்பட்டது. குளிர்நாட்டில் கண்ணாடிக் குடிலுக்குள் சூடேற்றி வளர்க்கப்பட்ட அன்னாசி அன்று செல்வத்தின் அடையாளம். அந்த வகையில் டன்மோர் பழம் பிரபுவின் பெருமையைச் சொன்னதே தவிர, உழவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஹவாய் தீவுகளின் ஹொனலுலுவில் ஒரு பழப் பதனத் தொழிற்சாலையின் மேல்நிலை நீர்த்தொட்டி அன்னாசி வடிவில் அமைந்தபோது பழம் வணிகச் சின்னமாயிற்று.

அந்தத் தொட்டியிலிருந்துதான் ஆஸ்திரேலியப் பெருவாழைக்கான எண்ணம் பிறந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் காஃப்ஸ் ஹார்பர் ஊரில் வாழைத்தோட்டமும் சாலையோரக் கடையும் வைத்திருந்த ஜான் லாண்டி, போகிற வண்டிகளைத் தன் கடை முன் நிறுத்த வேண்டும் என்று எண்ணினார். 1964 டிசம்பரில் 13 மீட்டர் நீளமுள்ள சிமெண்டு வாழைப்பழம் திறக்கப்பட்டது. நோக்கம் வெளிப்படையானது: பழம் விற்க வேண்டும். அது பலித்தது. 1971இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நாம்பூர் அருகே 16 மீட்டர் உயர அன்னாசி எழுந்தது. 2009இல் அது அம்மாநில மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. 2007இல் ஆஸ்திரேலிய அஞ்சல் துறை வாழைக்கும் அன்னாசிக்கும் அஞ்சல்தலை வெளியிட்டது. கடை விளம்பரமாகப் பிறந்த ஒன்று அரை நூற்றாண்டுக்குள் மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டுவிட்டது.

அந்த வாழைப்பழத்தைச் சுற்றியிருந்த வேளாண்மைக்கு என்ன நேர்ந்தது என்பது இதைவிட முக்கியமான செய்தி. ஆஸ்திரேலியாவின் வாழைச் சாகுபடி பெரும்பாலும் வடக்கே, குயின்ஸ்லாந்தின் டல்லி, இன்னிஸ்ஃபெயில் பகுதிகளுக்குப் போய்விட்டது. காஃப்ஸ் ஹார்பர் மலைச்சரிவுகளில் இன்று புளூபெரியே முதன்மைப் பயிர். சிற்பத்தைச் சுற்றிக் கேளிக்கைப் பூங்கா வளர்ந்தது, வாழை சுருங்கியது. அந்த வட்டாரத்தின் வாழைத்தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்தவர்களில் பஞ்சாபிச் சீக்கியர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து, பிறகு தெற்கே இறங்கி வாழைக்கு மாறியவர்கள் அவர்கள். அருகிலுள்ள வூல்கூல்காவில் 1968இல் அவர்கள் எழுப்பிய குருத்துவாரா ஆஸ்திரேலியாவின் முதல் குருத்துவாராக்களில் ஒன்று. அந்த உழைப்பின் சுவடு எதையும் மஞ்சள் வாழைப்பழத்தின் வடிவம் காட்டுவதில்லை. பழத்தைப் பெரிதாக்கும்போது அதை விளைவித்த கை மறைந்துவிடுகிறது. இவ்வகைச் சிற்பங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை இது.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் காஃப்னி ஊரின் பீச் பழம் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. 1981இல் கட்டப்பட்ட அது ஒரு குடிநீர்த் தொட்டி. உயரம் 41 மீட்டர். கொள்ளளவு பத்து லட்சம் அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர். பீச் பழத்தால் பெயர் பெற்ற அண்டை மாநிலமான ஜார்ஜியாவைவிடத் தங்கள் வட்டாரமே அதிகம் விளைவித்தது என்பதை ஊரார் அறிவித்த விதம் அது. ஊருக்குத் தண்ணீர் தருகிற பொருள் என்பதால் அதைப் பராமரிக்காமல் விட முடியாது. பயன் உள்ள சிற்பம் நிலைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ்நாட்டுக்கு வந்தால் நிலைமை வேறு. இங்கே பழங்களுக்குப் பஞ்சமில்லை. பண்ருட்டிப் பலா, சேலம், கிருஷ்ணகிரி மாம்பழம், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கன்னியாகுமரி மட்டி வாழை என்று ஊர்ப்பெயரோடு ஒட்டிய பழங்கள் பல. ஆனால் பழத்தைச் சிமெண்டில் நிரந்தரமாக்கும் வழக்கம் இங்கே அதிகம் வேரூன்றவில்லை. தமிழ் மரபு பழத்தைக் கொண்டாடுவது பழத்தைக் கொண்டே. காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் அவற்றைப் பிடித்து உண்கிறார்கள். காரைக்கால் அம்மையாரின் வாழ்வில் வரும் மாங்கனி ஆண்டுதோறும் அப்படி நினைவுகூரப்படுகிறது. 1874இல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதப் பழக் கண்காட்சியில் பழங்களை அடுக்கியே யானையும் பறவையும் செய்கிறார்கள். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி. கல்யாண வீட்டு வாசலில் குலையோடு நிற்கும் வாழையும் இந்த வகைதான். பருவத்தில் வந்து, பருவத்தோடு போய், அடுத்த ஆண்டு மறுபடி வருவது இந்த மரபு. பயிர் நின்றுபோனால் விழாவும் நின்றுபோகும் என்பதால் இதில் போலித்தனத்துக்கு இடம் குறைவு. பண்ருட்டிச் சாலையோரத்தில் பருவகாலத்தில் குவியும் பலாவுக்கு நிகராக எந்தச் சிமெண்டுப் பலாவும் ஊரின் பெருமையைச் சொல்லிவிடாது.

நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்று வந்தால் தமிழர் நாடுவது மனித உருவத்தை. கம்பம் பள்ளத்தாக்கு உழவர்களின் நன்றி பென்னிகுயிக் மேல் குவிந்திருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த அந்தப் பொறியாளருக்கு 2013இல் லோயர் கேம்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது; அவருடைய பிறந்தநாளான ஜனவரி 15 அன்று அங்கே பொங்கல் வைக்கிறார்கள். திராட்சைக்கும் நெல்லுக்கும் மூலம் தண்ணீர் என்று அந்த உழவர்கள் தெளிவாக அறிந்திருக்கிறார்கள். அதனால் அவர்கள் கொண்டாடுவது பழத்தை அன்று, தண்ணீர் கொண்டுவந்தவரை.

தென்சென்னைக்கும் மத்திய சென்னைக்கும் கொண்டாட வேளாண் மரபு உண்டா என்று இன்றைய ரங்கநாதன் தெருவில் நிற்பவருக்குக் கேட்கத் தோன்றும். மரபு உண்டு, அது ஆழமானது. இன்றைய தியாகராய நகரும் மாம்பலமும் நுங்கம்பாக்கத்தின் ஒரு பகுதியும் இருக்கும் இடத்தில் 1920கள் வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் வளைந்து நீண்ட அதை ஆங்கிலேயர் 'நீண்ட ஏரி' என்ற பொருளில் லாங் டேங்க் என்றார்கள். அதன் கிழக்குக் கரையை ஒட்டி மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, சென்றது. ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்ற செங்கல்பட்டுப் பகுதியின் ஏரிகளைப் போல, மழைநீரைக் கரை கட்டித் தேக்கி, மதகு வழியே ஆயக்கட்டு நிலங்களுக்கு விட்டு, மிகுந்ததைக் கலங்கல் வழியே வெளியேற்றும் தொண்டை மண்டலத்து ஏற்பாடுதான் இங்கும். பல்லவர், சோழர் காலம் முதல் இப்பகுதியின் உழவு பெரும்பாலும் இந்த ஏற்பாட்டை நம்பி நடந்தது. ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நிலத்தில் ஏரியின்றி நெல் இல்லை.

நகரத்தில் குடியிருப்புத் தட்டுப்பாடு மிகுந்தபோது நீதிக்கட்சி ஆட்சி இந்த ஏரியின் மேல் கை வைத்தது. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வழிவகுக்க, 1923இல் ஏரியை வடித்து மனைகளாக்கும் வேலை தொடங்கியது. புதிய நகருக்கு சர் பிட்டி தியாகராயரின் பெயர் வந்தது. நடுவில் அமைந்த பூங்காவுக்குப் பனகல் அரசரின் பெயர். தெருக்களுக்கு டாக்டர் நாயர், உஸ்மான் முதலியோரின் பெயர்கள். ஓர் அரசியல் இயக்கத்தின் வரலாறு முழுவதும் அந்தத் தெருப்பலகைகளில் இருக்கிறது. அந்த மண்ணில் உழுதவர்களுக்கும் மதகு திறந்து நீர் பாய்ச்சியவர்களுக்கும் அங்கே ஒரு பலகையும் வாய்க்கவில்லை. ஏரியின் எச்சம் நுங்கம்பாக்கத்தில் இன்னும் ஏரிப்பகுதி, ஏரிக்கரைச் சாலை என்ற பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாம்பலம் கால்வாய் அடையாற்றுக்கு நீர் கொண்டுபோகிறது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாட்கணக்கில் நீர் தேங்கியபோது, பலர் முதன்முறையாக அது ஏரி மண் என்று கேள்விப்பட்டார்கள். குரோம்வெல்லில் ஏரி வந்து தோட்டத்தை விழுங்கியது. மாம்பலத்தில் ஊர் வந்து ஏரியை விழுங்கியது. அங்கே இழப்புக்குப் பின் ஒரு சின்னமாவது நின்றது.

ஏரிக்கு அப்பாலும் இப்பகுதிக்கு வேளாண் வரலாறு இருக்கிறது; அதைச் சென்னைவாசிகள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நுங்கம்பாக்கத்தில் தாவரத் தோட்டம் வைத்திருந்தார். சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட முயன்றார். 1835இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் முயற்சியில் மதராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் பிறந்து, கதீட்ரல் சாலையில் இடம்பிடித்தது. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது; 1971இல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். தமிழகத்தின் வேளாண் கல்வி பிறந்தது அடையாற்றின் கரையில் என்பதை ஒரு மாநகரம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். தரமணியில் 1988இல் எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் அந்த மரபின் தொடர்ச்சி. கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் உணவகம் இருந்த நிலத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. 2022 ஜூனில் கலைவாணர் அரங்கத்தில் தொடங்கிய சென்னை மலர்க் கண்காட்சி பின்னர் அந்தப் பூங்காவுக்கு வந்தது. அங்கே பூவால் செய்த பெரிய உருவங்களைக் காணக் குடும்பம் குடும்பமாக மக்கள் திரள்கிறார்கள். பெரிய உருவத்தின்மேல் சென்னை மக்களுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை.

சொல்லப்போனால், பெரிய உருவங்களின் நகரம்தான் இது. அண்ணா சாலையில் வரிசைகட்டி நின்ற சினிமா கட்அவுட்டுகள் சில தலைமுறைகளின் கண்ணில் இன்னும் இருக்கின்றன. மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி நான்கு உழைப்பாளிகள் ஒரு பாறையை நகர்த்தும் முயற்சியை வடித்தார். உழைப்பின் விளைவைக் காட்டாமல் உழைக்கும் உடலைக் காட்டியதால் அது இன்றும் பேசுகிறது. காஃப்ஸ் ஹார்பர் வாழைப்பழத்தில் இல்லாதது எது என்பதற்கு விடை அந்தச் சிலையில் இருக்கிறது. ஜெமினி மேம்பாலத்தடியில் குதிரையை அடக்கும் மனிதன், 1970களின் குதிரைப் பந்தய ஒழிப்பை நினைவூட்ட வைக்கப்பட்டவன். காரணத்தை விளக்கும் சொற்கள் கண்ணில் படாததால் இன்று அது வெறும் குதிரைச் சிலையாகவே பலருக்குப் படுகிறது. 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டத்தின் 39 மீட்டர் உயரக் கல்தேர், அதே பழைய ஏரியின் நுங்கம்பாக்கப் பகுதியில் நிற்கிறது. ஏரி மண்ணில் குறளுக்கு இடம் கிடைத்தது நல்லது; உழவுக்கென்று தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர் என்பதால், அந்த வளாகத்தில் ஏரியைப் பற்றிய ஒரு குறிப்பும் பொருத்தமாகவே இருக்கும்.

சாலையோரத்தில் புதிதாகச் சிலை வைப்பது இன்று எளிதன்று. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலைகளுக்கு அனுமதி தரக்கூடாது என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. தெருவிளக்கு, சாலை மேம்பாடு, அழகுபடுத்தல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. காமராஜர் சாலையில் 2006இல் நிறுவப்பட்ட சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்கின் முடிவில் 2017 ஆகஸ்டில் அகற்றப்பட்டு, அடையாறு மணிமண்டபத்துக்குச் சென்றது. ஆகவே சாலை நடுவே வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, பூங்காவையோ குடிநீர் வாரியத்தின் வளாகத்தையோ நாடுவதே அறிவுடைமை. 2019இல் நடைபாதை வளாகமாக மாற்றப்பட்ட பாண்டி பஜார் அழகுபடுத்தல் என்ற விலக்குக்குள் வரக்கூடும்.

கட்டுமானச் செய்திகள் இன்னும் முக்கியம். உட்புறம் வெற்றிடமான பெரிய உருண்டை காற்றை முழுமையாக வாங்கும். இந்தியத் தரநிலை சென்னைக்கு வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஒரே நாளில் நகரத்தின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்ததைக் கண்டவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் விளங்கும். கம்பி வலையின் மேல் சிமெண்டு பூசும் முறை மலிவானது. ஆனால் மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று விரிசல் வழியே புகுந்து கம்பியைத் துருவாக்கும், துரு பருத்துப் பூச்சைப் பிளக்கும். ஃபைபரில் வார்த்தால் துரு இல்லை. வெயில் வண்ணத்தைத் தின்றுவிடும். இரண்டுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செலவு உண்டு.

இதற்குத் தீர்வு மயிலாப்பூரிலேயே இருக்கிறது. கபாலீசுவரர் கோயில் கோபுரத்தின் சுதை உருவங்களும் இதே வெயிலிலும் உப்புக்காற்றிலும்தான் நிற்கின்றன. அவை நிலைக்கக் காரணம் பொருளின் வலிமை மட்டும் அன்று. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற நியதி. அந்த முறை வரும்போது உடைந்த விரல் ஒட்டப்படுகிறது, வெடிப்பு அடைக்கப்படுகிறது, வண்ணம் புதுப்பிக்கப்படுகிறது. பழைய ஏரிகளுக்கும் இப்படி ஒரு நியதி இருந்தது. ஊரார் கூடித் தூர் வாரிக் கரை பலப்படுத்தும் குடிமராமத்து அது. பொதுச் சிற்பங்களுக்கு அப்படி எந்த நியதியும் வகுக்கப்படுவதில்லை. திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது, பத்தாவது ஆண்டுக்கு ஒதுக்கப்படுவதில்லை. பராமரிப்புக் கணக்கு இல்லாத எந்தச் சிற்பத் திட்டத்தையும் ஏற்காமலிருப்பது நல்லது. சுதை வேலை தெரிந்த ஸ்தபதிகளும், வடபழனி, கோடம்பாக்கம் பகுதிகளில் படப்பிடிப்புக்குப் பெரிய உருவங்கள் செய்து பழகிய கைவினைஞர்களும் நகரத்திலேயே இருக்கிறார்கள். வேலைக்கு ஆள் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

எதைச் செதுக்குவது என்பது கடைசிக் கேள்வி. மாம்பலம் என்ற பெயரைக் கேட்டவுடன் ஒரு பெரிய மாம்பழத்தை வைத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். அந்தப் பெயருக்கு மாமரத்தை வைத்தும் வில்வமரத்தை வைத்தும் இருவேறு விளக்கங்கள் உள்ளன; ஒலியை நம்பிச் சிற்பம் எழுப்புவது வரலாறு ஆகாது. ஆஸ்திரேலியாவில் போவென் ஊரின் 10 மீட்டர் மாம்பழம் பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே மாந்தோப்பு இன்றும் இருக்கிறது. தியாகராய நகரில் பழம் விற்கும் தள்ளுவண்டி உண்டு, தோப்பு இல்லை. தோப்பு இல்லாத இடத்தில் சிமெண்டு மாம்பழம் கடை விளம்பரமாக மட்டுமே முடியும்.

இந்த மண்ணுக்குப் பொருந்துவது ஏரியும் அதன் மதகும், நீர் பாய்ச்சிய மனிதரும். ராய் சௌத்ரி உழைப்பாளருக்குச் செய்ததை ஒருவர் நீர் பாய்ச்சியவருக்குச் செய்யலாம். காஃப்னியைப் பின்பற்றி ஒரு மேல்நிலைத் தொட்டியின் மேலேயே அந்த வரலாற்றைத் தீட்டலாம், அடியில் தமிழில் நாலு வரி விளக்கம் எழுதலாம். இதற்கெல்லாம் காலமும் பணமும் ஆகும். அதற்கு முன்பே, பெரிய செலவின்றிச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பழைய வரைபடங்களில் ஏரிக்கரை ஓடிய தடம் தெளிவாக உள்ளது. நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை அந்தத் தடத்தில், பூங்காக்களிலும் பள்ளி வளாகங்களிலும், 'இங்கே ஏரியின் கரை இருந்தது. 1923இல் வடிக்கத் தொடங்கினார்கள்' என்று பொறித்த கற்களைச் சென்னை மாநகராட்சி நட வேண்டும். நூறாண்டு கடந்துவிட்டது, முதல் கல்லைப் பனகல் பூங்காவில் நடட்டும்.